ஏழாம் கட்டிலுக்கு நான் கொடுத்த எருமைத் தயிர்

இதை எழுதக் கொப்பியைத் திறப்பதும், பிஸ்மி சொல்லி இரண்டு வரி எழுதுவதும், பிறகு தாளைக் கிழித்து அடுப்புக்குள் போடுவதுமாகப் பல வருடம் போய்விட்டது. வேலையில் இருந்தபோது வேலை போய்விடுமே என்ற பயம். ஓய்வு பெற்ற பிறகு வெட்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆஸ்பத்திரிச் சமையற்காரி என்னத்தை எழுதப் போகிறாள் என்று சிரிப்பார்களே என்ற எண்ணம் வேறு. இன்றைக்குச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்தத் தாளை நான் கிழிக்கப் போவதில்லை.

காரணம் நஸ்றின். நான் இருபத்தாறு வருடம் நின்ற அடுப்படியில் இப்போது நிற்பவள் அவள். போன மாதம் வீட்டுக்கு வந்து கைபேசியை நீட்டினாள். பால் கொடுக்கும் தாய்மார் சாப்பிடக் கூடாதவை என்று யாரோ எழுதிய பட்டியல். தாய்மார் தங்களுக்குள் அனுப்பிக்கொள்கிறார்களாம். ஒருவர் அதை அச்சடித்துச் சமையற்கூடக் கதவிலும் ஒட்டிவிட்டாராம். இறால், நண்டு, கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, கச்சான், பயறு, அன்னாசி, மாம்பழம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"மறுகா என்னத்தத்தான் தின்னச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அது இதில இல்ல ராத்தா. அதக் கேட்கத்தான் உங்களுக்கிட்ட வந்தன்," என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு தாயின் சாப்பாட்டிலிருந்து எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டால் ஒருவரையும் காணோம். அந்த வைக்கிற வேலையைத்தான் நான் செய்தேன். அதில் ஒரு தடவை நான் வைத்ததே ஒரு பிள்ளைக்கு ஆகாததாகி, பழி முழுவதும் அந்தப் பிள்ளையின் தாய்மேல் விழுந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் சல்மா. ஊர் ஏறாவூர். எங்கள் வீட்டுக்காரர் வாவியில் வலை போடுகிறவர். மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் தேங்காய் துருவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தேங்காய், பிறகு வெங்காயம், பிறகு சோறு வடிப்பு, பிறகு கறி. மூன்று வருடம் அப்படிப் போனது. கை சுட்டது, கண் எரிந்தது, பழகிவிட்டது. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். வாவிக்கரையில் ஒன்று, அது போதும்.

சமையற்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் றோசலின் அக்கா. டவுன் பக்கமிருந்து சைக்கிளில் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, தலையில் போட்டிருந்த லேஸ் துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடியே உள்ளே நுழைவார். சத்தம் போட்டு ஒரு நாளும் பேசியதில்லை. சத்தம் போட்டிருந்தால் நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்பு வரிசையில் நடப்பார். ஒவ்வொரு சட்டிக்கும் மூடியைத் தூக்கச் சொல்வார். குனிந்து மணம் பிடிப்பார். பிறகு ஒரே ஒரு சொல்தான் கேட்பார்.

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்" என்று சொன்னவள் அன்றைக்குத் தொலைந்தாள். ஆண் நோயாளர் விடுதிக்கு, சத்திர சிகிச்சை முடிந்தவருக்கு, பதினாலாம் கட்டிலுக்கு என்று ஆளைச் சொல்ல வேண்டும். ஆள் தெரியாத சாப்பாடு தன் அடுப்படியிலிருந்து வெளியே போகாது என்பார். பத்தியச் சாப்பாடு வைக்கிற அடுக்குப் பாத்திரங்களின் காதில் துணிக்கிழிசல் கட்டுவோம். உப்புக் குறைத்தவருக்கு வெள்ளை, சீனி வருத்தக்காரருக்குச் சிவப்பு. ஒரு சட்டியின் அகப்பை இன்னொரு சட்டியைத் தொடக் கூடாது. ஒருநாள் நான் மீன் ஆணக் குழம்புக்குள் விட்ட அகப்பையைக் கஞ்சிக்குள் விட்டுவிட்டேன். அக்கா கஞ்சியை அப்படியே வெளியே ஊற்றினார். நான் புதிதாகக் கஞ்சி வைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அந்த முக்கால் மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான் சமைக்கத் தொடங்கிப் பல வருடம் ஆன பிறகுதான் றிஸ்மியா வந்தாள். பிள்ளைகள் விடுதியில் ஏழாம் கட்டில். இருபத்தொரு வயது, முதற்பிள்ளை, ஆண், இரண்டரை மாதம். புருஷன் கட்டாரில், பிள்ளையைப் போனில்தான் பார்த்திருந்தான். கூட வந்திருந்தவர் அவளுடைய உம்மா. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெற்றவளுக்கு என்ன சாப்பாடு என்பது மாமியாரின் சட்டம் இல்லை, சொந்த உம்மாவின் சட்டம். சொந்த உம்மாவை எதிர்த்துப் பேசுவது அதைவிடக் கஷ்டம்.

பிள்ளையின் மலத்தில் சளி, அதில் இரத்தக் கோடு. பால் குடிப்பான், சிரிப்பான், பிறகு வயிற்றை முறுக்கிக்கொண்டு வீறிடுவான். இரத்தத்தைக் கண்ட நாளிலிருந்து உம்மா றிஸ்மியாவின் சாப்பாட்டை ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தார். முதலில் இறாலும் நண்டும். நிற்கவில்லை. பிறகு சூரை மீன், சூடு என்று. பிறகு முட்டை, கத்தரி, பருப்பு. எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவள் தின்றுகொண்டிருந்தது சோறும் உப்பும் மிளகுத் தண்ணியும். பால் வற்றிவிடுமே என்ற கவலையில் உம்மா மீனை எடுத்த ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு குவளை பால்மாப் பவுடர் கலந்த தேத்தண்ணி வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்ததும் பால்மாதான். இரவும் பகலும் பால் குடித்தாள். பிள்ளைக்கு இரத்தமும் நின்றபாடில்லை.

டொக்டர் இளம் ஆள், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். மூன்று நாள் சோதனை எல்லாம் பார்த்துவிட்டுக் கட்டிலருகே நின்று சொன்னார். தாய்ப்பாலில் பிழை இல்லை. தாய் குடிக்கிற மாட்டுப்பாலின் சத்து தாய்ப்பால் வழியே போகிறது, பிள்ளையின் குடல் அதை ஏற்கவில்லை. தாய் மாட்டுப்பாலை விட வேண்டும், பால்மா, பட்டர் எல்லாம். மீனை ஏன் விட்டீர்கள், மீனைச் சாப்பிடுங்கள்.

"பால் குடிக்காம இவளுக்கு எப்பிடி டொக்டர் பால் ஊறும்?" என்று கேட்டார் உம்மா.

"மாடு என்ன பாலா குடிக்குது அம்மா? புல்லுத்தானே தின்னுது," என்றார் டொக்டர்.

விடுதி முழுக்கச் சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்கே றோசலின் அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் பச்சைத் துணிக்கிழிசல் வைத்திருந்தார். அதுவரை எங்களிடம் இல்லாத நிறம்.

"சல்மா, ஏழாம் கட்டில் உன்ர பொறுப்புகா. என்னத்த எடுத்தாச்செண்டு எனக்குத் தெரியும். அந்த இடத்தில என்னத்த வைக்கப் போறாய்?"

இந்த ஒரு கேள்வியைத்தான் நஸ்றினுக்கு நான் கொடுக்க நினைக்கிறேன். பாலை எடுத்தால் போதாது. பால் அந்த உடம்பில் என்ன வேலை செய்ததோ அந்த வேலையைச் செய்ய இன்னொன்றை வைக்க வேண்டும். எலும்புக்கு ஒன்று, இரத்தத்துக்கு ஒன்று, வாய்க்கு ருசியாக ஒன்று. ருசியையும் சொல்கிறேன், கவனியுங்கள். பால் கொடுக்கிறவளும் மனிசிதான்.

காலையில் தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி வைத்தேன். அரிசி, உள்ளி, இஞ்சி, வெந்தயம், கொஞ்சம் கொத்திய இறைச்சி. அதில் மாட்டுப்பால் ஒரு சொட்டும் கிடையாது. அடுப்படியில் எல்லாரும் கேலி. "என்ன ராத்தா, ஒங்கட ஊட்ட மட்டும் பிறை கண்டிட்டா?" என்றாள் வெங்காயம் உரித்தவள். பகலுக்குச் சோறு. கீரி மீனைக் கொறுக்காய்ப் புளி போட்டுச் சிறு தீயில் முள்ளும் மெத்தென்று ஆகும்வரை விட்டு, முள்ளோடு சாப்பிடக் கொடுத்தேன். முருங்கையிலைச் சுண்டலில் வறுத்து இடித்த எள்ளுத் தூவினேன். மூன்றரை மணிக்குக் குரக்கன் எனும் கேழ்வரகு மா வறுத்துத் தேங்காய்ப்பாலில் கிண்டி, பனங்கட்டி போட்டது. தேத்தண்ணி வெறுந்தேத்தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டு. முதல் நாள் ஒரு அவித்த முட்டையும் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்கா?" என்று கேட்டாள். மீன் வலைக்காரர்களின் ஊரில், கோழி மேய்கிற வளவில் இருந்து வந்த பிள்ளை ஒரு முட்டையைப் பார்த்து அப்படிக் கேட்டது.

மாட்டுப்பால் வேறு தின்பண்டத்துக்குள் ஒளிந்து வந்துவிடாமலும் பார்க்க வேண்டியிருந்தது. பனிஸ் ரொட்டியில் பால்மா இருந்தது. பிஸ்கட்டில் இருந்தது. மாஜரின் டப்பாவின் பின்னால் எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை மகளிடம் கேட்டேன். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த பைகளைக் கட்டிலுக்குக் கிட்டப் போகுமுன் வாசலில் வாங்கி வைத்தேன். "ஆஸ்பத்திரியில கஸ்டம்ஸும் திறந்திட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஓம், திறந்துதான் இருக்கிறது என்றேன்.

ஐந்தாறு நாளில் இரத்தம் குறைந்தது. பிறகு ஒரு காலை, சுத்தமான துணியை றிஸ்மியா தூக்கிக் காட்டினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் அவளுடைய உம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு விடலாம் என்றார் டொக்டர்.

அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

வெயில் காலம். விடுதியில் காற்றே இல்லை. றிஸ்மியா நன்றாக மெலிந்திருந்தாள். நான் தட்டை எடுக்கப் போனபோது மெதுவாகச் சொன்னாள். "ராத்தா, குறை சொல்லல்ல. ஒரு கரண்டி தயிர் இரிந்தா இந்தச் சோறு இறங்கும்."

மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு அது பெரிய ஆசையா? எங்கள் வீட்டில் தயிருக்குக் குறைவே இல்லை. தம்பிப்பிள்ளை அண்ணன் எருமைப் பட்டி வைத்திருக்கிறவர், எங்கள் வீட்டுக்காரரிடம் மீனை வாங்கிக்கொண்டு தயிர்ச்சட்டி கொடுப்பார். நான் யோசித்தேன். டொக்டர் சொன்னது மாட்டுப்பால். இது எருமை. பசு வேறு, எருமை வேறு. நிறம் வேறு, கொம்பு வேறு, பாலும் வேறு. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். டொக்டர் எருமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நல்ல மாற்றுச் சாப்பாடு கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் பெருமை.

ஆனால் தயிர் குளிர்ச்சி, பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது உம்மாவின் சட்டத்தில் இருந்தது. ஆகவே ஒளித்துக் கொடுத்தேன். வீட்டிலிருந்து சின்ன அடுக்கில் கொண்டுபோய், உம்மா லுஹர் தொழப் போகிற நேரம், பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் வைத்து றிஸ்மியாவுக்குக் கொடுத்தேன். பச்சைத் துணி கட்டவில்லை. றோசலின் அக்காவிடம் சொல்லவில்லை. சளிக்குப் பயந்த உம்மாவிடமிருந்துதான் ஒளித்தேனே தவிர, டொக்டரிடமிருந்து ஒளிக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று பகல் அப்படிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் இரத்தம் திரும்பி வந்தது. முதலில் இருந்ததைவிடக் கூட.

விடுதிக்குப் பொறுப்பான தாதி முகத்தைச் சுளித்தார். "இவ கள்ளமாப் பால்தேத்தண்ணி குடிச்சிருக்கா. நான் எத்தனை பேரப் பார்த்திட்டன்." உம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "புள்ளையத் திங்கிற வாய். ரெண்டு கிழமை அடக்கேலாமப் போயிட்டா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரவர் வீட்டுக்குப் போனில் சொல்லத் தொடங்கினார்கள். றிஸ்மியா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சொல்லில் தன்னைக் காப்பாற்றியிருக்கலாம். தலையைக் குனிந்து பிள்ளையை மடியில் திருப்பிப் போட்டாள்.

டொக்டர் இரண்டு நாள் தவணை சொன்னார். அதற்குள் குறையாவிட்டால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, கொழும்பிலிருந்து விசேஷமான டின் பால் எடுப்பிக்க வேண்டி வரும். நிறுத்தினால் பால் வற்றிவிடும், திரும்ப வராது என்று விடுதியில் எல்லாருக்கும் தெரியும். உம்மாவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. டின்னுக்கு வாய் இல்லையே.

றோசலின் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை எடுத்தார்.

"அவளுர வாய்க்குள்ள போன எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். கஞ்சி, கீரி, முட்டை, எள்ளு, குரக்கன். அவர் எழுதினார். பேனையை மூடாமலே கேட்டார்.

"அவ்வளவுந்தானா?"

"ஓம் அக்கா," என்றேன்.

அது பொய். எருமைத் தயிர் இதைச் செய்திருக்கும் என்று அப்போது நான் நம்பவில்லை. ஆனாலும் பொய் பொய்தான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை நேரம் தம்பிப்பிள்ளை அண்ணன் தயிர்ச்சட்டியோடு வந்து வாசலில் நின்று எங்கள் வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். பட்டியில் ஒரு பசு செத்துவிட்டதாம், பாம்பு கடித்து. கன்று மிஞ்சிப்போய், அதை எருமைப்பாலில் வளர்க்கிறாராம்.

"பசுக்கண்டு எருமைப்பால் குடிக்குமா அண்ணன்?" என்று உள்ளே இருந்து கேட்டேன்.

"குடிக்குமா எண்டு கேக்கிறாய் தங்கச்சி. தாய் செத்தது அதுக்கு இன்னும் தெரியாது."

அவர் சிரித்தார். நான் வாசலுக்கு வந்து அவர் கொண்டுவந்த தயிர்ச்சட்டியைப் பார்த்தேன். பசுக்கன்றின் வயிற்றுக்கே வித்தியாசம் தெரியாத பாலை, இரண்டரை மாதப் பிள்ளையின் குடல் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

அண்ணன் போன பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிசன் இல்லை. வலையைக் காயக் கொளுவிக்கொண்டே சொன்னார்.

"இனிக் குடுக்காம உடு. தானாச் சரியாப் போயிரும். அந்தப் புள்ள ஊட்ட போயிரும், நீ பென்சன் எடுக்கிற வரைக்கும் அங்க நிக்கோணும். ஏன் வாயத் திறக்கிறாய்?"

"ரெண்டு நாளில சரியாப் போகாதே. முதல்ல நிக்கவே ஒரு கிழமையாகிச்சு. அதுக்குள்ள பால நிப்பாட்டிருவாங்க. அவவக் கள்ளி எண்டும் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும். ஊர் ரெண்டு நாளில மறந்திரும்."

நான் வுழூ எடுத்து அஸர் தொழுதேன். ஸுஜூதில் நெற்றி தரையில் இருக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகியது. ஒரு பால் கொடுக்கிற பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் இங்கே அல்லாஹ்வுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்குத் தெரியாத மாதிரி இருக்கிறேன். அந்தத் தொழுகை எனக்கே கூசியது.

டொக்டர் சுற்று வருகிற நேரம் சமையற்கூடத்து ஆட்கள் விடுதிக்குள் கால் வைக்கக் கூடாது. மறுநாள் நான் வைத்தேன். முன்துணியைக்கூடக் கழற்றவில்லை. தாதி, "என்ன நீ இங்க, வெளிய போ," என்றார்.

"போறன் மிஸ். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறன்," என்றேன். "டொக்டர், இவ ஒண்டும் களவாத் தின்னல்ல. நான்தான் மூணு நாள் எருமைத் தயிர் குடுத்தன். மாட்டுப்பால் எண்டா பசு மட்டுந்தான் எண்டு நெனச்சன்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடினார். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பசுப்பால் ஆகாத பிள்ளைக்கு அவையும் ஆகாமல் போகும் என்றார். பிறகு, "இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேணும்," என்றார். அந்த மனிதருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அப்படிச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

உம்மா எழும்பி என் முகத்துக்கு நேரே வந்தார். "ஒனக்குப் புள்ள குட்டி இரிக்கா? எங்கட உசிரோட வெளையாடவா வந்தாய்?"

"ஏசுங்க," என்றேன். "எனக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசுங்க, கேட்டுக்கிட்டு நிக்கிறன். ஆனா ஒங்கட மகளப் புள்ளையத் திங்கிற வாய் எண்டு சொன்னீங்களே, அத முதல்ல திருப்பி எடுங்க. சத்தமாச் சொன்னீங்க, சத்தமா எடுங்க."

அவர் எடுக்கவில்லை. "போதும் டொக்டர், டின் பாலயே எழுதுங்க," என்றார்.

அப்போதுதான் றிஸ்மியா வாயைத் திறந்தாள். அந்த விடுதிக்கு வந்த பிறகு அவள் உம்மாவுக்கு முன்னால் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

"நான் குடுப்பன் டொக்டர். எத்தின நாளெண்டாலும் பாலத் தொட மாட்டன். இந்த ராத்தாவே சமைக்கட்டும். தயிர் மட்டும் வேணாம்."

தாதிகூடச் சிரித்துவிட்டார். டொக்டர் பத்து நாள் கொடுத்தார்.

கதவருகே றோசலின் அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சமையற்கூடத்துக்கு வந்ததும் அந்தத் தாளை எடுத்து, என் கண் முன்னால், கடைசி வரியாகத் தயிர் என்று எழுதினார்.

"நீ பிழையா விளங்கினத்துக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நானும் அப்பிடித்தான் விளங்கியிருப்பன். நான் கேட்டபோது பொய் சொன்னாய். அதுக்கு எழுதத்தான் வேணும்."

எழுதினார். எழுத்தில் எச்சரிக்கை. அது என் சுயவிபரக் கோவையில் கடைசிவரை இருந்தது. இருக்கட்டும். பத்து நாளைக்கு வேறு ஒரு சட்டியையும் தொடக் கூடாது, ஏழாம் கட்டில் மட்டும்தான் என்றும் உத்தரவு. அதைத் தண்டனை என்று அடுப்படியில் எல்லாரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

எட்டாம் நாள் கோடு மெலிந்தது. ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் துணி சுத்தம். டின் பால் எழுதப்படவில்லை. றிஸ்மியா ஒன்றரை வருடத்துக்கு மேல் பால் கொடுத்தாள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு டொக்டரே கிளினிக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் பழக்கினார். இப்போது அந்தப் பையன் என் உயரம், பால்தேத்தண்ணி குடிக்கிறான்.

அதற்குப் பிறகு பல தாய்மாருக்கு நான் பச்சைத் துணி கட்டினேன். எல்லாருக்கும் பால்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஒருத்திக்கு முட்டை, ஒருத்திக்குச் சோயா, பாதிப் பேருக்குச் சாப்பாடே காரணம் இல்லை. அதைக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். ஒரே நேரத்தில் பத்தை எடுக்கிறவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார், பெற்றவளைப் பட்டினி மட்டும் போடுவார். ஒன்றை எடு. அந்த இடத்தில் ஒன்றை வை. எழுது. பார். ஆகாதது அது இல்லை என்றால் எடுத்ததைத் திருப்பிக் கொடு. திருப்பிக் கொடுப்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். நஸ்றின், கதவில் ஒட்டிய அந்தத் தாளை நீயே உரித்து எடு. யார் உரித்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

இனி, நான் இவ்வளவு காலம் வெட்கப்பட்ட விஷயம். விடுதிக்குள் உண்மை வெளியான அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உம்மா முதல் நாள் சத்தமாகச் சொன்னது போன் வழியாக ஊருக்குப் போய்விட்டது. நான் மறுநாள் சொன்னது விடுதிக் கதவோடு நின்றுவிட்டது. வாயடக்கம் இல்லாமல் பிள்ளைக்கு இரத்தம் போக வைத்தவள் என்று றிஸ்மியாவைக் காட்டி, பிள்ளை பெற்ற வீடுகளில் புத்தி சொன்னார்கள். என் காதுபடவே ஒரு கலியாண வீட்டில் சொன்னார்கள். நான் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை அப்படி இருந்திருக்கிறேன். விடுதியில் இருந்த தைரியம் கலியாண வீட்டில் எனக்கு வரவில்லை.

நஸ்றின் வந்துபோன மறுநாள் நான் றிஸ்மியாவின் வீட்டுக்குப் போனேன். எழுதப் போகிறேன், உன் பெயரை மாற்றி எழுதுகிறேன் என்றேன். அவள் சீலையில் நெசவுப் பிசிறைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"கெட்டது என்ட பேர்தானே ராத்தா. அதப் போடாம எழுதி என்ன?"

ஆகவே போட்டிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள், போனில் அனுப்புங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், இருக்கிறபடியே அனுப்புங்கள். வயசான சமையற்காரி பாவம் என்று என் பெயரை எடுத்துவிட வேண்டாம். றிஸ்மியாவை நல்லவளாக்க ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், அவளுக்கு அது தேவையில்லை. அவள் கேட்டது ஒரு கரண்டி தயிர். அடுக்கு நிறையக் கொண்டுபோனவள் சல்மா. கேட்டபோது அவ்வளவுதான் என்று பொய் சொன்னவளும் சல்மா.